உலர்சலவையில் பயன்படும் பெர்குளோரோஎத்திலீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்குளோரோஎத்திலீன் என்பது எத்தகைய பொருள்?

டெட்ராகுளோரோஎத்திலீன் என்று வேதியியல் நூல்களிலும், சுருக்கமாக 'பெர்க்' என்று சலவைத் தொழிலிலும் வழங்கும் இந்தக் கரைப்பான், இரண்டு கார்பன் அணுக்களும் நான்கு குளோரின் அணுக்களும் மட்டுமே கொண்டது. அறை வெப்பநிலையில் நிறமற்ற திரவமாக இருக்கும். ஈதரை நினைவூட்டும் சற்றே இனித்த மணம் உண்டு. ஒரு லிட்டரின் எடை ஏறத்தாழ 1.62 கிலோகிராம். கொதிநிலை 121 டிகிரி செல்சியஸ். ஒரு லிட்டர் நீரில் 150 முதல் 200 மில்லிகிராம் வரைதான் கரையும். அதன் ஆவி காற்றைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல் கனமானது. மூலக்கூறில் ஹைட்ரஜன் இல்லாமல் முழுவதும் குளோரின் நிறைந்திருப்பதால் அது தீப்பற்றுவதில்லை, எளிதில் சிதைவதுமில்லை. தொழிலுக்கு இதை உகந்ததாக்கிய இந்தப் பண்புகளே பிற்பாடு தொல்லையாகவும் மாறின என்பதால், இந்த எண்களை மனத்தில் கொண்டு மற்றக் கேள்விகளுக்குச் செல்வது நல்லது.

துணியை நீரில் துவைக்காமல் கரைப்பானில் துவைக்கும் உலர்சலவை எதற்காக?

கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நீரும் வெப்பமும் அசைவும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கியிட்டுக்கொள்வதால் இழைகள் நெருங்கி, துணி சுருங்கித் தடித்துப்போகிறது. பருத்தி, ரேயான் போன்றவற்றில் நீர் இழைக்குள் நுழைந்து அதை உப்பச் செய்கிறது. காயும்போது மடிப்பும் சுருக்கமும் தங்கிவிடுகின்றன. பட்டில் சாயம் இளகி ஓடலாம். கோட்டு போன்ற உடைகளில் மேல்துணி, உள்துணி, இடையில் வைத்த விறைப்புத்துணி ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் உடையின் வடிவமே கெட்டுவிடும்.

பெர்க் இழைக்குள் நுழைந்து அதை உப்பச் செய்வதில்லை. நீருக்கு எளிதில் பிடிகொடுக்காத எண்ணெய், கொழுப்பு, மெழுகு ஆகியவற்றையோ அது விரைவாகக் கரைத்துவிடுகிறது. மேலும் அது கனமான திரவம் என்பதால், துணி மேலெழுந்து விழும்போது அழுக்குத் துகள்களை உதறித் தள்ளும் விசையும் கூடுதலாகக் கிடைக்கிறது.

இது எப்போது சலவைத் தொழிலுக்கு வந்தது?

மைக்கேல் ஃபாரடே 1821-ஆம் ஆண்டில் ஹெக்சாகுளோரோஈத்தேனைச் சூடாக்கிச் சிதைத்தபோது இந்தப் பொருள் முதன்முதலாகக் கிடைத்தது. ஆனால் சலவைக்காரர்களிடம் அது வந்து சேர நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டர்பன்டைன், பென்சீன், மண்ணெண்ணெய், பெட்ரோல் எனக் கையில் கிடைத்த எரியும் எண்ணெய்களையெல்லாம் பயன்படுத்தினார்கள். தீவிபத்தும் வெடிவிபத்தும் அந்தத் தொழிலின் உடன்பிறப்புகளாக இருந்தன. 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்டாடர்டு கரைப்பான் என்ற, சற்று உயர்ந்த வெப்பநிலையில் மட்டுமே தீப்பற்றும் பெட்ரோலிய வடிப்பு வந்தது. அதே காலத்தில் எரியாத கரைப்பானைத் தேடியவர்கள் கார்பன் டெட்ராகுளோரைடைப் பிடித்தார்கள். அது கல்லீரலைக் கெடுத்தது, இயந்திர உலோகத்தையும் அரித்தது. அடுத்து வந்த டிரைகுளோரோஎத்திலீன் அசிடேட் துணிகளின் சாயத்தைக் கசியவைத்தது.

1930-களில் பெர்க் அறிமுகமானபோது, எரியாமை, துணிக்கு இணக்கம், மீண்டும் மீண்டும் வடித்தெடுக்கும் வசதி ஆகிய மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்திருந்ததால், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பல நாடுகளில் அதுவே முதன்மைக் கரைப்பானாகிவிட்டது. முந்தியவற்றோடு ஒப்பிட்டால் அது உண்மையிலேயே முன்னேற்றம்தான். இன்றைய குறைகளை வைத்து அன்றைய தெரிவைக் கேலி செய்வது நியாயமாகாது.

இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

துணி உள்ளே போவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பைகளைச் சோதித்து, நிறவாரியாகவும் எடைவாரியாகவும் பிரித்து, பிடிவாதமான கறைகளுக்குத் தனி மருந்து தடவுவார்கள். பிறகு துளையிட்ட சுழல்கலனுக்குள் துணி இடப்பட, தொட்டியிலிருந்து வரும் பெர்க் அதன் வழியாகப் பாய்ந்து, வடிகட்டியைக் கடந்து, மீண்டும் கலனுக்கே திரும்புகிறது. இந்தச் சுற்று பெரும்பாலும் 8 முதல் 15 நிமிடங்களில் முடிந்துவிடும். கரைப்பானை 30 டிகிரிக்கு மேல் சூடேற விடுவதில்லை. நீரில் கரையும் அழுக்கையும் சிறிதளவு இழுப்பதற்காகச் சோப்புப் பொருளொன்றும் மிகச் சிறு அளவில் ஈரமும் சேர்க்கப்படும்.

துவைப்பு முடிந்ததும் வேகச் சுழற்சியால் கரைப்பான் பிழியப்படுகிறது. அடுத்து வெதுவெதுப்பான காற்று துணிக்குள் செலுத்தப்பட்டு, அது ஏந்திவரும் ஆவி குளிர்ந்த சுருள்களில் பட்டுத் திரவமாகி, நீர் பிரிப்பானுக்குள் இறங்குகிறது. பெர்க் கனமானது என்பதால் அடியில் தங்கும். நீர் மேலே நிற்கும். அழுக்கேறிய கரைப்பானைக் காய்ச்சி வடித்தால் தூய பெர்க் மீளக் கிடைக்கிறது. வடிகலத்தின் அடியில் கொழுப்பும் சாயமும் அழுக்கும் கலந்த கசடு மிஞ்சுகிறது. வடிகலக் கசடு, வடிகட்டி, பிரிப்பானில் சேரும் நீர் ஆகிய மூன்றுமே நச்சுக் கழிவுகள். மூன்றாவதைத்தான் பலர் சாதாரண நீர் என்று எண்ணிச் சாக்கடையில் ஊற்றிவிடுகிறார்கள். அதில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் பெர்க் கரைந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், அது அமெரிக்கக் குடிநீர் வரம்பைப் போல 30,000 மடங்கு.

இயந்திரங்களின் 'தலைமுறை' என்று சொல்கிறார்களே, அது என்ன?

முதல் தலைமுறையில் துவைக்கும் கலனும் உலர்த்தும் கலனும் தனித்தனி. கரைப்பான் சொட்டும் துணியைத் தொழிலாளி கையால் அள்ளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவார். அவர் சுவாசித்த ஆவியின் பெரும்பகுதி அந்தச் சில நிமிடங்களில்தான் வந்தது. இரண்டாம் தலைமுறையில் இரண்டு வேலையும் ஒரே கலனில் நடந்தன. ஆனால் உலர்த்திய ஆவிக் காற்றின் எச்சம் புகைபோக்கி வழியே வெளியேறியது. மூன்றாவதில் புகைபோக்கி அடைக்கப்பட்டு, குளிர்விப்பான் வழியாகக் காற்று உள்ளேயே சுற்றிவந்தது. நான்காவதில் கதவைத் திறப்பதற்கு முன் எஞ்சிய ஆவியைக் கிளர்வூட்டப்பட்ட கரி உறிஞ்சிக்கொள்கிறது. ஐந்தாவதில் கலனுக்குள் ஆவியின் செறிவை அளக்கும் உணரி இருக்கும். குறித்த அளவுக்குக் கீழே இறங்காதவரை கதவு திறக்காது.

ஒரு கடையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால், இயந்திரம் எந்தத் தலைமுறை என்று கேட்பதே பயனுள்ளது. ஆயினும், தேய்ந்த கதவு ரப்பரும் கரியை மாற்றாத வடிகட்டியும் உள்ள ஐந்தாம் தலைமுறை இயந்திரத்தைவிட, ஒழுங்காகப் பேணிய நான்காம் தலைமுறை இயந்திரம் மேலானது.

எல்லாக் கறையும் பெர்க்கில் போய்விடுமா?

போகாது. எண்ணெய், கிரீஸ், உதட்டுச்சாயம், மெழுகு ஆகியவை எளிதில் கரையும். சர்க்கரை, வியர்வையின் உப்பு, இரத்தம், பால், முட்டை போன்றவை பெர்க்கில் கரைவதில்லை. முன்கூட்டியே நீர் கலந்த மருந்தாலோ நொதியாலோ அவற்றை எடுத்தாக வேண்டும். பழச்சாறு சிந்தி உலர்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, உலர்த்தும் வெப்பத்திலும் இஸ்திரிச் சூட்டிலும் பழுப்பு நிறமாக எழும்புவது உண்டு. சலவையில்தான் கறை ஏற்பட்டது என்ற சச்சரவு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. துணியைக் கொடுக்கும்போது எங்கே என்ன சிந்தியது என்று சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

எந்த உடைகளை இதில் போடக்கூடாது?

உடையின் உட்புறச் சீட்டில் வட்டத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பெர்க் ஏற்றது. வட்டத்துக்குள் 'எஃப்' இருந்தால் ஹைட்ரோகார்பன் கரைப்பான் மட்டும். 'டபிள்யூ' இருந்தால் தொழில்முறை ஈரச்சலவை. வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் உலர்சலவையே கூடாது. வட்டத்துக்கு அடியில் கோடு இருந்தால் மென்மையான சுற்று வேண்டும் என்று பொருள். பிவிசி பூச்சுள்ள துணிகளில் நெகிழ்வூட்டும் பொருளைப் பெர்க் கரைத்து எடுத்துவிடுவதால் அவை விறைத்து வெடிக்கும். பாலிஸ்டைரீன் பொத்தான்களும் சில வகைச் சமிக்கிகளும் இளகி உருக்குலையும், பசையால் ஒட்டிய மணிகள் உதிரும், ரப்பர் உப்பும், மேற்பரப்பில் ஒட்டவைத்த நிறமி அச்சு மங்கும்.

தீப்பற்றாது என்றால் பாதுகாப்பானது என்றுதானே பொருள்?

தீவிபத்தைப் பொறுத்தவரை ஆம். ஆனால் அதன் ஆவி திறந்த சுடரையோ, செந்தணலாகக் காய்ந்த பரப்பையோ, மின்வில் பற்றவைப்பின் புற ஊதாக் கதிரையோ சந்தித்தால் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடையும், முதல் உலகப்போரில் கொலைக்கருவியாகப் பயன்பட்ட ஃபாஸ்ஜீனையும் தரக்கூடும். எனவே சலவைக் கூடத்தில் திறந்த சுடருள்ள கொதிகலன், பற்றவைப்பு வேலை, புகைபிடித்தல் எதற்கும் இடமில்லை. காஸ்டிக் சோடா போன்ற வலுவான காரத்தோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய டைகுளோரோஅசிட்டிலீன் உருவாகலாம். ஈரமும் ஒளியும் நெடுநாள் பட்டால் கரைப்பான் மெல்ல அமிலமாகி உலோகத்தை அரிக்கும் என்பதால், விற்பனைக்கு வரும் பெர்க்கில் நிலைப்படுத்தும் பொருள்கள் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கும்.

உடலுக்குள் எவ்வாறு செல்கிறது, என்ன செய்கிறது?

முதன்மையான வழி மூச்சு. தோலின் வழியாகவும் ஓரளவு நுழையும். தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசையைக் கரைத்துவிடுவதால் வெடிப்பும் அரிப்பும் ஏற்படும். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குச் சென்ற பெர்க்கின் பெரும்பகுதி, மாற்றமடையாமல் மூச்சின் வழியாகவே வெளியேறிவிடுகிறது. ஒரு சிறு பகுதி கல்லீரலில் டிரைகுளோரோஅசெட்டிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் போகிறது. வேறொரு வழியில் சிறுநீரகத்துக்கு ஊறு செய்யும் சேர்மங்களும் உண்டாகின்றன. எஞ்சியது கொழுப்பில் தங்குகிறது. கொழுப்பில் தங்கியதில் பாதி வெளியேறவே இரண்டு நாட்களுக்கு மேலாகும் என்பதால், நாள்தோறும் வேலை செய்பவரின் உடலில் வாரத் தொடக்கத்தில் இருந்ததைவிட வார இறுதியில் அதிகமாகச் சேர்ந்திருக்கும். தாய்ப்பாலிலும் அது கண்டறியப்பட்டுள்ளது.

உடனடி விளைவுகள் மயக்கமருந்தை ஒத்தவை: தலைவலி, தலைச்சுற்றல், தூக்கக்கலக்கம், நடையில் தள்ளாட்டம், செறிவு மிகுந்தால் நினைவிழப்பும் உயிரிழப்பும் நேரலாம். மது அருந்தியவருக்கு இவை கூடுதலாக இருக்கும். நீண்டகாலமாக ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களிடம் நினைவாற்றலும் கவனமும் மந்தமாவதும், நிறங்களைப் பிரித்தறியும் திறன் குறைவதும் பதிவாகியுள்ளன. கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். இயந்திரத்தை இயக்கிய பெண்களிடம் கருச்சிதைவு வாய்ப்பு கூடுதலாக இருந்ததாகச் சில ஆய்வுகள் காட்டின. கருவுற்றவரை அந்த வேலையிலிருந்து மாற்றுவதற்கு இந்த அளவு ஐயமே போதுமான காரணம் என்று கருதுகிறேன்.

புற்றுநோயை உண்டாக்குமா?

உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை '2ஏ' பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று பெரிதும் கருதத்தக்க பொருள்களின் பிரிவில் வைத்துள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தது. உலர்சலவைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது இந்த முடிவுக்கான சான்றுகளில் ஒன்று. எலிகளில் கல்லீரல் கட்டிகளும் இரத்தப் புற்றுநோயும் மற்றொன்று. பிரிவின் பெயர் சான்றின் வலிமையை மட்டுமே குறிக்கிறது, ஆபத்தின் அளவைக் குறிப்பதில்லை. ஒரே பிரிவில் இருக்கும் இரண்டு பொருள்கள் சமமான தீங்கு செய்யும் என்று அதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது.

வேலையிடக் காற்றில் எவ்வளவு இருக்கலாம்?

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகத்தின் சட்ட வரம்பு, எட்டு மணிநேரச் சராசரியாகக் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு. இது மிகப் பழைய எண். அந்நாட்டுத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பின் பரிந்துரை 25 பங்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 20 பங்கு. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட விதியில், தொடர்ந்து அனுமதிக்கப்படும் சில தொழிற்பயன்களுக்கு 0.14 பங்கு என்று வரையறுத்தது. ஒரே பொருளுக்கு எழுநூறு மடங்கு வேறுபடும் எண்களைக் காணும்போது குழப்பம் வருவது இயல்பே. பழைய எண்கள் மயக்கத்தையும் உறுப்புப் பாதிப்பையும் தடுக்க வகுக்கப்பட்டவை. புதியது வாழ்நாள் முழுவதுமான நரம்புப் பாதிப்பையும் புற்றுநோயையும் கணக்கில் எடுத்தது. சட்ட வரம்புக்குள் இருக்கிறோம் என்பது மட்டும் நலமாக இருக்கிறோம் என்பதற்குச் சான்றாகாது.

ஒப்பீட்டுக்கு ஓர் எண்: 20 டிகிரியில் மூடிய கலத்தில் பெர்க்கின் மேல் நிற்கும் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 18,000 பங்கு ஆவி இருக்கும். திறந்து வைத்த வாளியும், வடிகலக் கசடை வழிக்கும் சில நிமிடங்களும் ஏன் ஆபத்தானவை என்பது இதிலிருந்து விளங்கும்.

மணத்தை வைத்தே எச்சரிக்கையாக இருக்க முடியாதா?

முடியாது. சிறிது நேரத்தில் மூக்கு அந்த மணத்துக்குப் பழகிவிடும். மேலும், மணம் தெரியத் தொடங்கும் செறிவே புதிய வரம்புகளை மீறியதாக இருக்கும்.

கடையிலிருந்து கொண்டுவந்த துணியால் வீட்டில் உள்ளவர்களுக்குத் தீங்கு உண்டா?

பெரும்பாலானோர் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் பாதிப்பின் வரிசையில் வாடிக்கையாளர் கடைசியில்தான் வருகிறார். இயந்திரத்தை இயக்குபவர் முதலிலும், கடைக்கு மேலோ பக்கத்திலோ குடியிருப்பவர் இரண்டாவதாகவும், அந்த நிலத்தடி நீரைக் குடிப்பவர் மூன்றாவதாகவும் நிற்கிறார்கள். நன்றாக உலர்த்திய துணியில் எஞ்சுவது சிறிதளவே. இருந்தாலும் அது சுழியம் அல்ல. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கம்பளி, பருத்தி, பாலியெஸ்டர் ஆகியவற்றில் ஒவ்வொரு சலவைக்கும் எச்சம் கூடிக்கொண்டே போனதும், பட்டில் அவ்வாறு தங்காததும் தெரியவந்தது.

பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வெளியிலேயே கழற்றி, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது தொங்கவிட்ட பிறகு அலமாரியில் வைப்பது போதுமானது. வெயிலில் நிற்கும் காருக்குள் சலவைத் துணிகளை அடைத்து வைக்கக் கூடாது. கடுமையான மணம் வீசினால் அது உலர்த்தும் சுற்று பாதியில் நிறுத்தப்பட்டதன் அடையாளம்; துணியை ஏற்காமல் திருப்பிக் கொடுத்து மீண்டும் உலர்த்தச் சொல்வதே முறை.

கடை இருக்கும் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் கவலைப்பட வேண்டுமா?

பழைய இயந்திரமாக இருந்தால், வேண்டும். ஆவி குழாய்த் துளைகள், மின்கம்பி வழிகள், மாடிப்படிக் கூடம், கூரை விரிசல் ஆகியவற்றின் வழியாகவும், சாந்தும் கான்கிரீட்டும் ஊடாகவுமே மேல்தளத்தை அடையும். தொழிலாளி எட்டு மணிநேரம் சுவாசித்துவிட்டு வெளியேறுகிறார். மேல்வீட்டுக் குழந்தையும் முதியவரும் நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறார்கள் என்பதால், செறிவு குறைவாக இருந்தாலும் கணக்கு வேறு. எண்ணெய்ப் பண்டங்களை வீட்டில் திறந்து வைத்தால் அவையும் காற்றிலுள்ள பெர்க்கை உறிஞ்சிக்கொள்ளும். காற்றை அளந்து பார்க்கும் எளிய உறிஞ்சு பட்டைகள் கிடைக்கின்றன. ஊகத்தைவிட அளவீடு நல்லது.

நிலத்தடி நீரை இது எவ்வாறு கெடுக்கிறது?

பெட்ரோல் சிந்தினால் நீர்மட்டத்தை அடைந்ததும் மேலே மிதக்கும். தேடிப் பிடிப்பது ஓரளவு எளிது. பெர்க் நீரைவிடக் கனமானது, நீரைவிடப் பிசுக்கும் குறைந்தது. எனவே அது மண்ணின் ஊடாக விரைவாக இறங்கி, நீர்மட்டத்தையும் துளைத்துக்கொண்டு கீழே சென்று, களிமண் படுகையையோ பாறையையோ அடைந்த பின்னரே குட்டைபோல் தேங்குகிறது. வழியில் மண்துளைகளில் சிறு சிறு துளிகளாகவும் சிக்கிக்கொள்கிறது. மிகக் குறைவாகவே கரையும் என்பதால் அந்தத் துளிகள் பல பத்தாண்டுகள் வரை சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்தச் சிறு கரைசலே குடிநீருக்கு அளவுக்கு மீறியது: அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு லிட்டர் பெர்க் முழுவதும் கரைந்தால் 32 கோடி லிட்டர் நீரை அந்த வரம்பை எட்டச் செய்யும்.

கான்கிரீட் தரை ஒரு தடுப்பு என்று நம்பக் கூடாது. அதன் நுண்துளைகள் வழியாகப் பெர்க் கசியும். சாக்கடையில் ஊற்றிய பிரிப்பான் நீர், குழாய் மூட்டுகளில் வெளியேறி மண்ணை அடையும். வட கரோலினாவில் உள்ள லெஜூன் படைமுகாமின் ஒரு குடியிருப்புப் பகுதிக்கு நீர் வழங்கிய கிணறுகள், முகாமுக்கு வெளியே இருந்த ஓர் உலர்சலவைக் கடையின் கழிவால் மாசடைந்திருந்தன. 1985-இல் அங்குக் குழாய்நீரில் லிட்டருக்கு 215 மைக்ரோகிராம் வரை பெர்க் அளக்கப்பட்டது. மூழ்கிய கரைப்பான் மேலே எழுப்பும் ஆவி, மண்ணின் வழியாகக் கட்டடங்களின் அடித்தளத்துக்குள் நுழைவது மற்றொரு சிக்கல். கடை மூடப்பட்டு நெடுநாளான பிறகும் இது தொடரலாம்.

நிலத்தில் இறங்கியதை மீட்டெடுக்க முடியுமா?

முழுமையாக மீட்பது அரிது. மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சுதல், நீரை இறைத்துக் கரி வழியாகச் செலுத்துதல், நிலத்தைச் சூடாக்கி ஆவியாக்குதல், நீரோட்டத்தின் குறுக்கே இரும்புத்தூள் நிரப்பிய அகழி அமைத்தல் ஆகியவை நடைமுறையில் உள்ள வழிகள். இவற்றுள் ஆர்வத்துக்குரியது நுண்ணுயிர் வழி. ஆக்சிஜன் இல்லாத நிலத்தில் சில பாக்டீரியாக்கள் பெர்க்கிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன: முதலில் டிரைகுளோரோஎத்திலீன், அடுத்து டைகுளோரோஎத்திலீன், பிறகு வினைல் குளோரைடு, இறுதியில் தீங்கற்ற எத்திலீன். இந்தப் படிகளில் மூன்றாவதாக நிற்கும் வினைல் குளோரைடு, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவதாக ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள், பெர்க்கைவிட மோசமானது. பல பாக்டீரியாக்கள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. எத்திலீன் வரை கொண்டுசேர்ப்பவை டீஹாலோகாக்காய்டிஸ் இனத்தைச் சேர்ந்தவை. அவை இல்லாத மண்ணில் வளர்த்துச் செலுத்துகிறார்கள். பெர்க் குறைந்துவிட்டது என்ற அறிக்கையைப் பார்த்தவுடன், வினைல் குளோரைடு எவ்வளவு என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் குடியிருப்புக் கட்டடங்களில் இயங்கிய பெர்க் இயந்திரங்களுக்கு 2020 இறுதி வரை கெடு வைக்கப்பட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2007-இல் முடிவெடுத்து, 2023 தொடக்கத்தோடு உலர்சலவையில் பெர்க்கை முற்றாக நிறுத்தியது. பிரான்ஸ் 2012-இல், குடியிருப்புகளை ஒட்டிய கடைகளில் புதிய இயந்திரங்களுக்குத் தடை விதித்துப் பழையவற்றைப் படிப்படியாக விலக்கியது. 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு வெளியிட்ட விதி, உலர்சலவைப் பயன்பாட்டைப் பத்தாண்டுக் காலத்தில் முடிவுக்குக் கொண்டுவர வகைசெய்தது. இத்தகைய விதிகள் வழக்குகளாலும் மறுஆய்வாலும் மாறக்கூடியவை என்பதால், தொழில் நடத்துபவர்கள் தம் நாட்டின் நடப்பு விதியை நேரடியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாற்று எது?

ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை விலையாகக் கேட்கிறது. உயர் தீப்பற்று நிலை கொண்ட ஹைட்ரோகார்பன் கரைப்பான்கள் துணிக்கு மிக மென்மையானவை. ஆனால் எண்ணெய் கரைக்கும் ஆற்றல் பெர்க்கைவிடக் குறைவு, உலர நேரமாகும், தீப்பற்றும் வாய்ப்பு மீண்டும் உள்ளே வருகிறது. சிலாக்சேன் கரைப்பான் மணமற்றது. சுற்றுச்சூழலில் நிலைத்துத் தங்குவதால் ஐரோப்பாவில் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாகியுள்ளது. திரவக் கார்பன் டைஆக்சைடு நச்சுத்தன்மையைப் பொறுத்தவரை மிகத் தூயது. வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்கைத் தாங்கும் இயந்திரம் வேண்டும் என்பதால் முதலீடு மிகப் பெரியது. பெர்க்குக்குப் பதிலாக 1-புரோமோபுரோப்பேன் என்ற கரைப்பானைப் பழைய இயந்திரத்திலேயே ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒருகாலத்தில் பரிந்துரைக்கப்பட்டது. அது நரம்புகளைக் கடுமையாகத் தாக்குவது தெரியவந்தது. 2022-இல் அமெரிக்கா அதை அபாயகரமான காற்று மாசுப் பட்டியலில் சேர்த்தது. புதிது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

என் கருத்தில் தொழில்முறை ஈரச்சலவையே முதலில் எண்ணிப்பார்க்கத்தக்கது. கணினியால் கட்டுப்படுத்தப்பட்ட மிக மென்மையான அசைவு, குறைந்த நீர், தனிச் சோப்பு, ஈரப்பதத்தை அளந்து நிறுத்தும் உலர்த்தி, துணியை இழுத்துப் பிடித்து வடிவுக்குக் கொண்டுவரும் இஸ்திரிக் கருவி ஆகியவை சேர்ந்தால், 'உலர்சலவை மட்டும்' என்று சீட்டு ஒட்டிய உடைகளில் மிகப் பெரும்பகுதியை நீரிலேயே துவைத்துவிடலாம். இறுக்கமாக வடிவமைத்த கம்பளிக் கோட்டுகளுக்கும், சாயம் நிலைக்காத பட்டுக்கும் கைத்திறன் அதிகம் வேண்டும். பயிற்சி பெறாத கையில் அவை கெடவும் செய்யும்.

உலர்சலவைக்கு வெளியே இதற்குப் பயன் உண்டா?

உலோகப் பாகங்களின் எண்ணெய்ப்பிசுக்கை நீக்கவும், குளிர்பதன வாயுக்கள் சிலவற்றைத் தயாரிக்கும் மூலப்பொருளாகவும் பெருமளவில் பயன்படுகிறது. 1925 முதல் பல ஆண்டுகள் கொக்கிப்புழுவை வெளியேற்றும் மருந்தாக இதைக் குடிக்கக் கொடுத்தார்கள் என்பது இன்று வியப்பளிக்கும். அதைவிட வியப்பானது, அமெரிக்காவின் சவுத் டகோட்டாவில் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் அடியில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த ஆய்வு. அமெரிக்க அறிவியலாளர் ரே டேவிஸ் அங்கே சுமார் 3,80,000 லிட்டர் பெர்க்கைத் தொட்டியில் நிரப்பி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் அதன் குளோரின் அணுக்களை ஆர்கானாக மாற்றுவதை எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. அந்தப் புதிர் நியூட்ரினோக்களின் இயல்பையே புரட்டிப்போட்டது. 2002-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. குளோரின் நிறைந்ததும், மலிவானதும், எரியாததுமான திரவம் தேவைப்பட்டதால் சலவைக் கரைப்பானே அறிவியலுக்கும் கைகொடுத்தது.

கடையில் கரைப்பான் சிந்திவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

வேலையில் நேரடியாக ஈடுபடாதவர்களை வெளியேற்றி, சுடரையும் சூடான கருவிகளையும் அணைத்து, கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். ஆவி தாழ்ந்த இடங்களில் தேங்கும் என்பதால் நிலவறைக்குள்ளோ பள்ளத்துக்குள்ளோ தனியாக இறங்கக் கூடாது. கரிம ஆவிகளுக்கான கரிக்குப்பி பொருத்திய முகமூடியும், கரைப்பானைத் தாங்கும் கையுறையும் அணிந்த பின்னரே துடைக்க வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையை அது விரைவாக ஊடுருவிவிடும். உறிஞ்சும் மண்ணையோ துணியையோ போட்டு ஒற்றியெடுத்து, இறுக மூடும் கலத்தில் அடைத்து, நச்சுக் கழிவாக ஒப்படைக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் நீரை ஊற்றிச் சாக்கடைக்குத் தள்ளக் கூடாது. உடையில் பட்டால் உடனே கழற்றித் தோலைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் நீரால் அலச வேண்டும். தலைச்சுற்றல் வந்தவரைத் திறந்த காற்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வாந்தியின்போது திரவம் நுரையீரலுக்குள் இறங்கினால் கேடு இன்னும் பெரிது.